மஞ்சள் தண்ணீர் வந்த வழி

எனக்கு இலேசில் ஆளைப் பிடிக்காது. அதிலும் வெளியூரிலிருந்து படமும் ஃபைலுமாக வந்து இறங்குகிறவர்களைப் பிடிக்கவே பிடிக்காது. எங்கள் டவுனின் வடிகால் திட்டத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இன்ஜினியர் மிஸ் மட்டும் வேறு. அவர் அளந்து சொல்வதைப் படமாக வரைவது என் வேலை. வந்த முதல் வாரமே கம்பூட்ஸைப் போட்டுக்கொண்டு கடைவீதியில் சாக்கடை ஓடும் கான் ஒவ்வொன்றிலும் இறங்கிப் பார்த்தார். குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் அலைந்தே எனக்கு இடுப்பு விட்டுப்போனது.

டவுனுக்குக் கீழே, தேயிலைக்கு நடுவில் தொழிலாளர்களின் வரிசை வீடுகள் கொண்ட ஒரு லயம். அதன் கடைசி வீடு என் அக்காவுடையது. பெரிய மழை பெய்தால் பின்பக்க மண்கரையிலிருந்து தண்ணீர் பொங்கி வந்து குசினியில் அடுப்பு வரைக்கும் நிற்கும். அது ஊற்று, தோட்டம் கொத்தியதால் கண் திறந்துவிட்டது என்று எப்போதோ யாரோ சொல்லிவிட்டுப் போனார்கள். லயத்தில் பெரிதாகத் தோட்டம் போட்டிருந்தது அக்காதான். கேட்கவா வேண்டும்! எல்லா வீட்டு ஈரத்துக்கும் அவள்தான் காரணம் என்றாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி எங்களுக்கு முறைக்கு மதினி. அவளும் முகங்கொடுத்துப் பேசுவதை நிறுத்தினாள். அன்றைக்குக் கூரை இடுக்கில் மண்வெட்டியைச் செருகிய அக்கா பிறகு அதை எடுக்கவே இல்லை.

திட்டத்திலும் அதே கதைதான். பழைய படத்தின்படி டவுன் தண்ணீர் முழுவதும் மலையின் மறுபக்கத்து ஆற்றுக்குப் போகிறது. லயத்துக்கு வருவது ஊற்று என்றால் அது வடிகால் திட்டத்தில் சேராது. அக்காவின் வீட்டை என் கையாலேயே கோட்டுக்கு வெளியே விட்டு வரைய வேண்டும்.

மிஸ் வந்து பார்த்தார். மழை விட்ட மறுநாளும் கசிந்துகொண்டிருந்த தண்ணீரைக் கையில் அள்ளி முகர்ந்தார்.

"ஊத்துத் தண்ணி சவுக்காரம் மணக்குமோ?"

சோப்பு மணத்தைத் திட்டக் கூட்டத்தில் காட்ட முடியாது மிஸ் என்றேன் நான். அவர் யோசித்துக்கொண்டே ஏறிப் போனார்.

அந்த மாதம் டவுன் அம்மன் கோயில் திருவிழா. கடைசி நாளில் முறைக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடுவார்கள். கடைவீதியே மஞ்சளாக ஓடும். மிஸ் நேராகக் கோயில் கமிட்டித் தலைவரிடம் போய், பஸ் ஸ்டாண்ட் கானில் சில பீப்பாய் மஞ்சள் தண்ணீர் ஊற்றித் தர முடியுமா என்று கேட்டார். சாமி காரியமாயிற்றே, என்ன சொல்வாரோ என்று எனக்குப் பயம்.

"எப்புடியும் கானுக்குத்தான் போகுதுங்க மிஸ். கொஞ்சம் கூடவே கரைச்சு ஊத்துறோம்," என்றார் அவர்.

இதற்கு முன் வந்த இன்ஜினியர்களுக்கெல்லாம் எங்கள் திருவிழா ஒரு லீவு நாள். இவருக்கு அதில் ஒரு சோதனை தெரிந்தது. அந்த மூளைக்குக் கும்பிடு போடத் தோன்றியது எனக்கு.

திருவிழாவின் கடைசி நாள் நல்ல வெயில். அக்கா வீட்டுப் பின்புறம் நின்று மிஸ் தலைவரிடம் போனில், "இப்ப ஊத்துங்கோ," என்றார். லயமே கூடிவிட்டது. மஞ்சள் விளையாடிக்கொண்டிருந்தவர்கள் கையில் செம்போடு அப்படியே வந்து நின்றார்கள். வெகுநேரம் ஒன்றுமில்லை. மிஸ் கரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அக்கா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் மண் ஈரமானது. பிறகு ஒரு கல்லிடுக்கிலிருந்து தண்ணீர் வந்தது. நல்ல மஞ்சள்.

"டவுண் தண்ணிதான்! மண்ணுக்குள்ள பழைய கான் ஒண்டு கிடக்கு," என்று மிஸ் துள்ளினார். "படத்தில போடுங்கோ, இந்த வீடுகளையும் சேர்த்து!"

அக்கா அவரிடம் வந்தாள். "அப்ப நான் தோட்டம் கொத்துனதால வரலயா மிஸ்?"

"இல்லை அக்கா. நீங்கள் ஒரு பிடி மண்ணைத் தொடாட்டிலும் இது வந்திருக்கும்."

அக்கா அழவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மதினியின் பக்கம் திரும்பினாள். அவள் வாயைத் திறப்பதற்குள் மதினி தன் செம்பிலிருந்த மஞ்சள் தண்ணீர் முழுவதையும் அவள் தலையில் கவிழ்த்தாள்.