நெருப்புச் சேவலின் குரலுக்கு ஒரு விலை

நிக்கானோர் பல்மேரா எனக்கு எட்டு லட்சம் பேசோ கடன்பட்டிருந்தான். 'நெருப்புச் சேவல்' என்று பெயர் எழுதிய அவனுடைய ஒலிப்பெட்டிக்கு, தெருவில் பாட்டுப் போட்டு ஊரை ஆடவைக்கும் பெட்டிக்கு, புதுக்கூடு அடித்துக் கொடுத்த கூலி அது. கதவைவிட உயரம், லாரி அளவு அகலம். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். எங்கள் பாரன்கியா நகரத்தில் நான் செய்த பெட்டியால் அதிராத தெரு ஒன்றைக் காட்டுங்கள், சுத்தியலைக் கீழே வைத்துவிடுகிறேன்.

நிக்கானோர் எங்கள் ரெபோலோ பேட்டையில் ஐஸ் வண்டி தள்ளியவன். அந்தக் காசில் கப்பல்காரர்களிடம் ஆப்பிரிக்க இசைத்தட்டுகள் வாங்கினான். வேறு பெட்டிக்காரனிடம் இல்லாத பாட்டு இருந்தால்தான் சனிக்கிழமை ஆட்டத்துக்குக் கூட்டம் வரும், பீர் விற்கும். அதனால் வாங்கிய கையோடு தட்டின் நடுக்காகிதத்தை நாணயத்தால் சுரண்டிவிடுவான். பாடியவன் யாரென்று எவனுக்கும் தெரியக் கூடாது. எவனாவது பதிவு செய்துவிட்டால்? பாட்டு ஓடும்போதே மைக்கில் கத்துவான்: "நிக்கானோர் பேசுறேன்! காது இருக்கிறவன் கேளு, கால் இருக்கிறவன் ஆடு!" பதிவு கெட்டது.

எங்கள் ஊரில் எல்லாப் பெட்டிக்காரர்களும் செய்கிற வேலைதான். ஆனால் இவனளவு சந்தேகப்பிராணி வேறு கிடையாது.

"அண்ணே, இந்த மனுசன் என்னை வீட்டுக்குள்ள முணுமுணுக்கக்கூட விடமாட்டேங்குறார்" என்பாள் அவன் மனைவி எனெய்தா. "ஜன்னலோரம் உளவாளி நிக்கிறானாம்!"

இந்த வருடம் கார்னிவல் திருவிழா நெருங்கும்போது பெட்டியின் ஆம்ப்ளிஃபயர் எரிந்துபோனது. புதிதுக்கு இருபது லட்சம். அது வராவிட்டால் கார்னிவலில் சேவல் கூவாது, என் கடனும் வராது.

அந்த வாரம்தான் தலைநகரத்து பீர் கம்பெனியிலிருந்து லிலியானா என்ற பெண் வந்தாள்.

"கடற்கரைப் பண்பாட்டைக் கொண்டாடி ஒரு விளம்பரம் எடுக்கிறோம் ஐயா. இணையத்துல உங்க ஆட்டத்தோட பதிவைக் கேட்டோம். அறுபது லட்சம் தர்றோம்."

நிக்கானோர் என்னை அடுப்படிக்கு இழுத்தான். "போட்டிக்காரன் அனுப்பின ஆளுடா இவ. என் பாட்டைத் தூக்க வந்திருக்கா."

கேட்காமலே கூடுதல் விலை சொன்னால் நான் பலகையைத் திருப்பிப் பார்க்கிறவன். வெளியே வந்து, "எந்தப் பாட்டும்மா வேணும்?" என்றேன்.

"பாட்டு வேண்டாம் ஐயா." போனை அழுத்தினாள். பாட்டை நீக்கிவிட்டு நிக்கானோரின் கத்தலை மட்டும் பிரித்து வைத்திருந்தார்கள்.

எனெய்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தட்டைப் பூட்டி வச்சீரு, வாயைத் தொறந்து விட்டுட்டீரே!"

"என் தொண்டைக்கு எவன்டா காசு குடுப்பான்? இதுல ஏதோ இருக்கு" என்றான் நிக்கானோர். எனக்கும் அப்படித்தான் பட்டது.

"இதை நீங்க வாங்கிட்டா, இவன் ஆட்டத்துல இதையே கத்தலாமா?" என்று அவளைக் கேட்டேன்.

அவள் தண்ணீர் பாட்டிலை மெதுவாக மூடினாள். "அது... அப்புறம் கம்பெனியோடது ஐயா."

"அப்போ கார்னிவல்ல நான் ஊமையா நிக்கணுமா?" நிக்கானோர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

நான் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தேன். "விக்கிறதுக்கு இல்லம்மா. இந்தக் கார்னிவலுக்கு மட்டும் வாடகைக்கு எடுத்துக்குங்க. ஆட்டத்துல அவன் எப்பவும்போலக் கத்திக்குவான்."

வாசலில் நின்று போனில் பேசிவிட்டு வந்தாள். பாதி விலை, முப்பது லட்சம். வங்கியை நம்பாத நிக்கானோர், கையில் ரொக்கம் வந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டான். ஒவ்வொரு நோட்டையும் வெயிலில் தூக்கிப் பார்த்தான். அவள் முகம் சிவந்துபோனது. எனக்கு அவன் செய்தது சரியாகவே பட்டது.

ஆம்ப்ளிஃபயர் வாங்கிய கையோடு என் பட்டறைக்கு வந்தான்.

"பின்பலகையில ஒரு ஆணி ஆடுது. அதுக்குக் குறைச்சுக்க."

"ஆடுறது உன் புத்தி. நான் அடிச்ச ஆணி ஆடாது. எண்ணுடா."

கையை விரித்து நீட்டினேன். அவன் கட்டைவிரலால் எச்சில் தொட்டு, என் முகத்தையே பார்த்தபடி, ஒவ்வொரு நோட்டாக என் உள்ளங்கையில் வைத்தான், எட்டு லட்சமும் முடியும்வரை.