லோகாக்கா வீட்டுச் சுவரில் ஒட்டிய கண்ணாடி

போன வாரம் ஒருநாள் காலையில், குக்கர் மூன்றாவது விசில் அடிக்கிற நேரத்தில் காலிங்பெல் அடித்தது. கழுத்தில் அட்டை, முதுகில் பை, கையில் பலகை மாதிரி ஒரு போன். "மேடம், உங்க தெருவுக்கு அடியில மெட்ரோ போகுது இல்லையா? சுவர்ல ஏற்கெனவே இருக்கற விரிசலை எல்லாம் போட்டோ எடுத்துக்கணும்" என்றார் அந்த இளைஞர். நான் கதவைப் பாதிதான் திறந்திருந்தேன். அந்தப் பாதிக்கும் காலை அண்டக் கொடுத்திருந்தேன். எந்த கம்பெனி, அட்டையைக் காட்டு, அட்டையில் மீசை இல்லையே, எடுத்த போட்டோவை யாரிடம் கொடுப்பாய், எனக்கு ஒரு காப்பி வருமா, எழுதித் தருவாயா? பாவம், அவருக்கு வியர்த்துவிட்டது. உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர், "நீயும் இதே வேலை பாத்தவதானே, அவரைப் போயி ஏன் இந்தப் பாடு படுத்தற?" என்றார். பார்த்தவள் என்பதால்தான் படுத்துகிறேன் என்பது இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் அவருக்குப் புரியவில்லை.

கடைசியில் உள்ளே விட்டேன். அவர் பையைத் திறந்ததும் மார்க்கர் பேனாவும் வெள்ளை சிமெண்டும் கலந்த ஒரு வாசனை வந்தது. எனக்குக் கை விரல் நுனி எரிகிற மாதிரி இருந்தது. "கண்ணாடி ஒட்டுவீங்களா?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. இப்போதெல்லாம் பளபளவென்று ஒரு வில்லையைச் சுவரில் வைத்தால் தூரத்தில் நிற்கும் கருவி பார்த்துக்கொள்ளுமாம். நல்லது. கருவிக்கு டீ போட்டுக் கொடுக்க யாரும் கூப்பிட மாட்டார்கள்.

நான் திருவொற்றியூர்க்காரி. சிவில் டிப்ளமா முடித்துவிட்டு வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், வடசென்னைக்கு மெட்ரோ நீட்டும் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். சூப்பர்வைசர் துரைராஜ் சார் தென்காசிப் பக்கத்துக்காரர். அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "பாஷை பேசுவியாம்மா?" நான் இங்கிலீஷைக் கேட்கிறார் என்று நினைத்து, ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்த 'மை நேம் இஸ்'ஸை ஆரம்பித்தேன். கையமர்த்திவிட்டார். "அது யாருக்கு வேணும்? இன்னா, கீது, வூடு... அந்தப் பாஷை. பொம்பளப் பிள்ளைன்னா கதவைத் திறப்பாங்க. அவங்க பாஷையைப் பேசினா உட்கார வைப்பாங்க." அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வேறு என்ன தெரியும்?

ராயபுரத்துக்கும் தண்டையார்பேட்டைக்கும் நடுவில் எனக்கு மூன்று தெருக்கள் கொடுத்தார்கள். முதல் வேலை, இப்போது இவர் செய்வதே: சுரங்கம் குடையும் மிஷின் வருவதற்கு முன்னால் பழைய விரிசல்களைப் படம் எடுத்துவைப்பது. பிற்பாடு விரிசல் விட்டது என்று யாராவது நஷ்டஈடு கேட்டால் இந்தப் படங்களை எடுத்து நீட்டலாம். இது தெருவுக்கு என்னைவிட முன்னாலேயே தெரிந்திருந்தது. முனையில் மளிகைக்கடை வைத்திருந்த தூத்துக்குடி அண்ணாச்சி வீட்டில் நான் போன அன்று ஒரே சுவரில் நாலு காலண்டர் தொங்கியது. அதில் இரண்டு போன வருஷத்துக் காலண்டர். தூக்கிப் பார்த்தால் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு விரல் போகிற விரிசல். "சாமி படம் இருக்கேன்னு கழட்டல" என்றார் அண்ணாச்சி, முகம் மாறாமல். அதிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் தண்ணீர் கேட்பதற்கு முன்னால் காலண்டரைத் தூக்குவேன். கல்யாண வீட்டுக்குப் போனால்கூடக் கை தானாகப் போகும். இன்னும் அந்தப் பழக்கம் விடவில்லை.

இரண்டாவது வேலை கண்ணாடி. விரிசலுக்குக் குறுக்கே தீப்பெட்டி நீளத்துக்கு மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, இரண்டு முனையிலும் வெள்ளை சிமெண்ட் பூசி ஒட்ட வேண்டும். சுவர் அசைந்தால் கண்ணாடி உடைந்துவிடும். வாரம் ஒருமுறை போய், உடைந்ததா இல்லையா என்று விரலால் தடவிப் பார்த்துக் குறிக்க வேண்டும். வெட்டிய கண்ணாடியின் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். என் ஆள்காட்டி விரலில் எந்நேரமும் இரண்டு கீறல், ரசம் சாதம் பிசைந்தால் உயிர் போகும்.

தெருவில் பாதிக் கண்ணாடி தானாக உடையவில்லை, உடைக்கப்பட்டது. உலக்கையால் தட்டியிருப்பார்கள், சிமெண்டோடு பெயர்ந்திருக்கும். "மிஷின் வந்துச்சு மேடம், கிடுகிடுன்னு ஆடிச்சு" என்பார்கள். மிஷின் அப்போது அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும். சிரிப்பை அடக்கிக்கொண்டு 'சந்தேகம்' என்று எழுதுவேன். என் நோட்டில் அந்த வார்த்தைதான் அதிகம். அவர்களும் என்னை அப்படித்தான் பார்த்தார்கள். நான் தெருவில் நுழைந்தாலே, "வந்துட்டா பாரு ஓட்டை எண்ணுறவ" என்று ஒரு குரல் கேட்கும்.

அந்தத் தெருவில் நான் சந்தேகப்படாத ஒரே வீடு லோகாக்காவுடையது. லோகநாயகி முழுப்பெயர், ஐம்பது வயது இருக்கும். வீட்டு வாசலில் கருவாடு விற்பார். காசிமேட்டிலிருந்து நெத்திலி வாங்கி வந்து மாடியில் காயப்போடுவார். அவர் வீட்டுக்குப் போய்வந்த நாளில் துரைராஜ் சார் என் நோட்டை வாங்கி முகர்ந்துபார்த்துவிட்டு, "இன்னைக்கு லோகநாயகி வீடா?" என்பார். கணவர் இல்லை, மகளும் மகளின் ஒரு வயதுக் குழந்தையும் கூட இருந்தார்கள். முதல் நாள் என் அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடுத்த வாரமும் கேட்டார். "போன வாரந்தானேக்கா பார்த்தீங்க" என்றேன். "போன வாரம் வேலைல இருந்த. இந்த வாரம் கீறியான்னு எனக்கு இன்னா தெரியும்?" என்றார். அப்படிப்பட்ட மனுஷியை எப்படிப் பிடிக்காமல் போகும்? மூன்றாவது வாரத்திலிருந்து டீ வந்தது. ஆனால் அட்டையைப் பார்ப்பது நிற்கவில்லை.

ஏன் அப்படி என்று ஒருநாள் அவரே சொன்னார். வூடு அவருடையது, அடிமனை வேறொருத்தருடையது. அந்தப் பக்கத்தில் இது சகஜம். மாமனார் காலத்தில் தரைக்கு மட்டும் வாடகை பேசி, மேலே சொந்தமாகச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். "சொவுரு நிக்கிற வரைக்கும் நானு நிப்பேன். சொவுரு போச்சுன்னா தரக்காரன் தரைய எடுத்துப்பான். அவ்ளோதான் கணக்கு" என்றார். தரைக்காரர் அண்ணா நகர் பக்கம் இருந்தார். பத்து வருஷமாகக் காலி செய்யச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

மிஷின் நெருங்கியது. தெருவில் ஆளாளுக்குத் தரையில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து ஆடுகிறதா என்று பார்க்க ஆரம்பித்தார்கள். எங்கள் கண்ணாடியை யாரும் நம்பவில்லை, டம்ளரை நம்பினார்கள். சொல்லக் கூடாது, டம்ளர் பெரும்பாலும் சரியாகத்தான் சொன்னது. லோகாக்காவுக்கு இடப்பக்க வீட்டில் கண்ணாடி நிஜமாகவே உடைந்தது, மயிரிழைக் கோடு, உலக்கை அடி இல்லை. அடுத்த வாரம் வலப்பக்க வீட்டிலும். நடுவில் லோகாக்கா வீட்டு மூன்று கண்ணாடியும் முழுசாக இருந்தன. "கெட்டிக் கட்டடம்மா அது" என்று சார் பாராட்டினார். நானும் குறித்துக்கொண்டேன்: அசைவு இல்லை.

மறுநாள் மத்தியானம் வீட்டில் ரசம் சாதம் சாப்பிடும்போதுதான் உறைத்தது. விரல் எரியவில்லை. முந்தின நாள் நான் தடவியது லோகாக்கா வீட்டுக் கண்ணாடிகளை மட்டும்தான். யோசித்தால், அந்த வீட்டுக் கண்ணாடி ஒரு மாதமாக என் விரலைக் கீறவே இல்லை.

கையைக் கழுவிவிட்டு நேரே போனேன். மூன்றையும் தடவினேன். ஓரமெல்லாம் வழவழவென்று இருந்தது.

"அக்கா, இது எங்க கண்ணாடி இல்ல."

அவர் நெத்திலியில் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை. "உன் கண்ணாடி இல்லாம? மந்திரி வந்து ஒட்டிகினு போனாரா?"

கீறல் இல்லாத விரலைக் காட்டினேன். "கொயந்த கைய வெச்சா கிழிச்சிடும்னு அம்மில தேச்சேன். அது தப்பா பூட்ச்சா?" என்றார். அப்புறம் எழுந்துபோய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். உள்ளே எங்கள் கண்ணாடிகளும் அவர் வாங்கி ஒட்டியவையும், எல்லாம் இரண்டு துண்டாக. மூன்று முறை உடைந்திருந்தது. மூன்று முறையும் சாமி படத்துக்குச் சட்டம் போடும் கடையில் கண்ணாடி வெட்டி வாங்கி, அவரே ஒட்டியிருக்கிறார். தெருவே நஷ்டஈட்டுக்காகக் கண்ணாடியை உடைக்கிறது, இவர் ஒருத்தர் உடைந்ததை ஒட்டிவைத்திருக்கிறார். நான் உடைத்தவர்களை எல்லாம் சந்தேகப்பட்டேனே தவிர ஒட்டுகிறவர் இருப்பார் என்று நினைத்தேனா?

"உடஞ்சுதுன்னு தெரிஞ்சா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"லாட்ஜ்ல தங்கவைப்பாங்க. மிஷின் தாண்டினதும் வந்துடலாம்."

"பூட்டிக் கெடக்குற வூட்டப் பாத்து தரக்காரன் சும்மா இருப்பானா?"

அது எங்கள் டிப்ளமாவில் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சுவருக்குக் கீழே ஒரு தூளி தொங்கியது, அதில் குழந்தை தூங்கியது என்பதுதான். "அக்கா, சுவர் விழுந்தா என்ன பண்ணுவீங்க? பதினஞ்சே நாள்தான்."

"பதினஞ்சு நாளுன்னு ஆபீசு சொல்லுதா, நீ சொல்றியா?"

ஆபீஸ் என்று சொல்லியிருக்க வேண்டும். அதுதான் உண்மை. ஆனால் ஆபீஸ் என்றால் அவர் எழுந்திருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

"நான் சொல்றேன்க்கா."

அன்று அட்டையைக் கேட்கவில்லை. மகளைக் கூப்பிட்டு, "துணிய எடுத்து வையி" என்றார்.

அறிக்கையில் எழுதினேன்: மூன்று முறை உடைந்தது, கட்டடம் அசைகிறது. மூவரும் லாட்ஜுக்குப் போனார்கள். நான் புதுக் கண்ணாடி ஒட்டினேன். மிஷின் இரண்டு வீடு தள்ளி நின்றுவிட்டது. பல் தேய்ந்துவிட்டதாம், மாற்ற வேண்டுமாம். பதினைந்து நாள் இரண்டு மாதம் ஆனது. லாட்ஜ் பக்கமே நான் போகவில்லை. போகாததற்குத் தினமும் ஒரு காரணம் கிடைத்தது. பிறகு மிஷின் ஒருவழியாகக் கிளம்பி, அந்த வீட்டுக்கு அடியில் புகுந்து, அந்தப் பக்கம் போயே போய்விட்டது.

அடுத்த நாள் காலையில் ஓடினேன். மூன்று கண்ணாடியும் முழுசாக இருந்தன. நான் ஒட்டியவைதான், ஓரம் விரலைக் கீறி ரத்தம் வந்தது. இவ்வளவு சந்தோஷமாக நான் ரத்தத்தைப் பார்த்ததில்லை. நோட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. தரைக்காரர். கையில் ஒரு பைல், பின்னால் கடப்பாரையோடு நாலு பேர். கட்டடம் ஆபத்தானது, இடிக்கலாம் என்று முறைப்படி உத்தரவு வாங்கியிருந்தார். உத்தரவுக்கு ஆதாரமாக வைத்திருந்த காகிதத்தைப் பார்த்தேன். மூன்று முறை உடைந்தது, கட்டடம் அசைகிறது. என் எழுத்து, என் கையெழுத்து.

என் நோட்டைக் காட்டினேன். "இன்னைக்குத்தான் பார்த்தேன் சார், அசையவே இல்ல" என்றேன். "ஏம்மா, எது நிஜம்? அன்னைக்கு எழுதினதா, இன்னைக்குச் சொல்றதா?" என்று பொறுமையாகத்தான் கேட்டார். இரண்டும் நிஜம். அதை எப்படிச் சொல்வது? அந்தக் காகிதம் ஆபீசிலிருந்து அவர் கைக்கு எப்படிப் போனது என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு ஒருத்தர் மேல் சந்தேகம் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன், ஆனால் ஆபீசில் அவர் கொடுத்த டீயை அதற்குப் பிறகு நான் குடிக்கவில்லை. அந்த மாதமே வேலையை விட்டேன்.

இப்போது அந்த இடத்தில் தகரம் அடித்துக் கார் நிறுத்துகிறார்கள். அண்ணாச்சி வீட்டில் மாடி ஏறியிருக்கிறது. தெருவில் கருவாடு விற்கிறவர் யாரும் இல்லை. கருவாட்டு வாசனைக்கு எதிராகப் புதிதாக வந்த அடுக்குமாடிக்காரர்கள் மனுக் கொடுத்தார்கள் என்று கேள்வி.

ரயில் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச காலம் கழித்து, அம்மா வீட்டிலிருந்து திரும்பும்போது திருவொற்றியூர் தேரடியில் ஏறினேன். எதிர் சீட்டில் லோகாக்கா. இளைத்திருந்தார், கண்ணில் பச்சைத்துணி மறைப்பு. மகளோடு மீஞ்சூரில் வாடகைக்கு இருக்கிறாராம், கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்புவதற்குள், "பாப்பா" என்று கூப்பிட்டுவிட்டார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். திட்டப்போகிறார் என்று தயாராக இருந்தேன். மேலே ஓடிய ரயில் சரிந்து பூமிக்குள் இறங்கியது.

"நம்ம வூடு இங்கதான எங்கியோ?" என்றார்.

"இப்பதான்க்கா தாண்டினோம்."

என் பக்கம் திரும்பி, ஒற்றைக் கண்ணால் பார்த்தார். "ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. அந்த சொவுரு எப்டியும் வுழுந்துதான் இருக்கும், இல்ல?"

உண்மை என் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் இத்தனை வருஷம் அவர் எதை வைத்து மனதை ஆற்றிக்கொண்டிருக்கிறாரோ அதையும் பிடுங்கியது நானாகத்தான் இருப்பேன்.

"ஆமாக்கா. விழுந்துதான் இருக்கும்."

அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தேன். எப்போ பாத்த, எப்டித் தெரியும், எழுதி வெச்சிருக்கியா, காட்டு... பழைய லோகாக்கா இரண்டே கேள்வியில் என் பொய்யை உரித்திருப்பார். கேட்க வேண்டும் என்று, சத்தியமாகச் சொல்கிறேன், சாமியைக்கூட வேண்டிக்கொண்டேன்.

"அதான் பாத்தேன்" என்றார். "நல்லவேள நீ வந்து சொன்ன. கொயந்த கீதே வூட்ல."

என் தலையைத் தொட்டுத் தன் நெற்றியில் விரலை மடக்கி நெட்டி முறித்தார். அடுத்த ஸ்டேஷனில், கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து, யாரையும் நம்பாமல் அந்தத் தரையில் அத்தனை வருஷம் நின்றவர், என்னை நம்பிவிட்டு இறங்கிப் போனார்.