வயலெட் சிஸ்டரும் மேல்வீட்டுப் பாவமும்

ஜெருசலேமின் கத்தமோன் பகுதியில் நாற்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட எவருக்கும் வயலெட் ஷாஷாவைக் கண்டால் இடது தோள் லேசாகக் குறுகுறுக்கும். முப்பத்தோரு வருடம் அந்தப் பகுதிப் பள்ளிக்கூடங்களில் அவர்தான் நர்ஸ். ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆன பின்னும், கறிகாய்ப் பையோடு அவர் தெருவில் வந்தால் மீசை வைத்த ஆண்கள்கூட சட்டைக் கையைக் கீழே இழுத்து விட்டுக்கொள்வார்கள்.

பாக்தாத்தில் பிறந்து, இருபத்துநாலு வயதில் ஒரே ஒரு பெட்டியோடு விமானம் ஏறி வந்தவர். வந்த புதிதில் கூடார முகாமில் மூன்று குளிர்காலம் கழித்தார். அங்கே யார் எந்தக் கூடாரத்திலிருந்து முனகினாலும் எழுந்து போய்ப் பார்ப்பார். "முனகல் கேட்டப்புறம் கேக்காத மாதிரி படுத்துக்க எனக்கு வராது" என்று சொல்லிக்கொள்வதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைதான்.

பக்தி விஷயத்தில் அவரை எந்தக் கட்சியில் சேர்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஓய்வுநாள் விளக்கை ஏற்றுவார். ஏற்றிய கையோடு ரேடியோவையும் போடுவார், ஓய்வுநாளில் அதைத் தொடக்கூடாது என்பது சட்டமாயிருந்தும். பன்றி தொடமாட்டார், ஆனால் தொழுகைக்கூடத்தில் நல்ல பாட்டு இருக்கிற அன்றுதான் அவரைப் பார்க்கலாம். "நீங்க பக்தியா, இல்லையா?" என்று யாராவது கேட்டால், "அது எனக்கும் அவனுக்கும் உள்ள விவகாரம். நீ நாக்கை நீட்டு, பாப்போம்" என்பார்.

அவர் குடியிருந்த கட்டடத்தில் பதினொரு வீடுகள். இவர் இரண்டாம் மாடி. இவர் தலைக்கு நேர் மேலே மக்லூஃப் அஸுலாய், அவர் மனைவி ஸோஹ்ரா. மக்லூஃபுக்குச் சந்தையில் காய்கறிக் கடை. மொராக்கோவிலிருந்து வந்த குடும்பம். நல்ல மனிதர்தான். வாய் மட்டும் மூளையைக் கேட்காமல் புறப்பட்டுவிடும்.

ஆறு வருடத்துக்கு முன் குடியிருப்போர் கூட்டம் ஒன்று நடந்தது. பொத்தானை அழுத்தினால் எரிந்து தானே அணையும் மாடிப்படி விளக்கு ஒரு நிமிடம் எரிந்தால் போதுமா, இரண்டு நிமிடம் எரிய வேண்டுமா என்பது விவாதம். வயலெட் இரண்டு நிமிடக் கட்சி, விடாமல் பேசினார். அப்போது மக்லூஃப் சபையைப் பார்த்து, "இந்தம்மா வீட்டுக்காரர் ஏன் சீக்கிரம் போய்ச் சேர்ந்தாருன்னு இப்பத்தான் வெளங்குது. கல்லறையிலயாவது சத்தம் இருக்காதுன்னு போயிருக்காரு மனுஷன்!" என்றார்.

பதினொரு வீடும் சிரித்தது. கணவர் சலீம் இறந்து அப்போது பதினாலு மாதம். வயலெட் தான் கொண்டுவந்த நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு படியேறிப் போனார். அன்றிலிருந்து பேச்சு கிடையாது.

ஒரே படிக்கட்டை வைத்துக்கொண்டு பேசாமலிருப்பது சுலபமில்லை. அவசியம் ஏதாவது சொல்லியாக வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துச் சொல்வார்கள். "குழாயை யாரோ திறந்து வச்சிட்டுப் போயிருக்காங்க" என்று மேலிருந்து ஒரு குரல் சுவரிடம் புகார் செய்யும். "தண்ணி டேங்க்ல அடைப்பு இருந்தா குழாய் என்ன பண்ணும்?" என்று கீழிருந்து இன்னொரு குரல் அதே சுவருக்குப் பதில் சொல்லும். சுவருக்குக் காது உண்டென்பார்கள். அந்தக் கட்டடத்துச் சுவருக்கு வாயும் இருந்தது.

அந்த வருடம் யோம் கிப்பூருக்கு மூன்று நாள் இருந்தது. ஊரே பாவமன்னிப்பு கேட்டு நோன்பிருக்கும் பெருநாள். அதற்கு முன்னால் பலர் ஒரு வெள்ளைச் சேவலை வாங்கித் தலையைச் சுற்றுவார்கள். நாம் திருஷ்டி சுற்றுவது மாதிரிதான், மூன்று சுற்று. சுற்றியவர் பாவம் சேவலுக்குப் போய்விடும் என்று நம்பிக்கை; பிறகு அதை அறுத்து ஏழைக்குக் கொடுத்துவிடுவார்கள். காலையில் வயலெட் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். மேல் பால்கனியிலிருந்து மக்லூஃபின் குரல் ராகமாக இறங்கி வந்தது.

"இது எனக்கு மாற்று... இது எனக்குப் பதில்... இந்தச் சேவல் சாவுக்குப் போகும், நானோ நல்ல ஆயுளுக்கு... ஏய்! ஏய்! பிடி, பிடி!"

அடுத்த நொடி வெள்ளையாக ஏதோ வயலெட்டின் தலைக்கு மேல் படபடத்து, ஈரப் போர்வையில் சறுக்கி, அவர் காலடியில் விழுந்தது. எழுந்தது. சுற்றிப் பார்த்தது. திறந்திருந்த கதவு வழியாக, குடியேற வந்த மாதிரி நேராக வீட்டுக்குள் நடந்தது.

மேலே கதவு திறந்தது. பிறகு படிக்கட்டில் கரகரப்பாகத் தொண்டையைச் செருமும் சத்தம்.

"யாராவது ஒரு சேவலைப் பாத்திருந்தா," என்றார் மக்லூஃப் சுவரிடம், "அது சொந்தக்காரன் இருக்கிற சேவல்."

வயலெட் கதவுக்குப் பின்னால் நின்று சுவருக்குச் சொன்னார்: "தொலைஞ்ச பொருளுக்கு அடையாளம் சொல்லணும். சட்டம் அப்படித்தான்."

"வெள்ளைச் சேவல்."

"இந்த வாரம் ஊர்ல இருக்கிற சேவலெல்லாம் வெள்ளைதான்."

"கால்ல பச்சைக் கயிறு. கீரைக்கட்டுக் கயிறு."

"எந்தக் கால்?"

நெடிய யோசனை. "இடது."

"வலது" என்றார் வயலெட், திருப்தியோடு. "சொந்தக்காரர் நேர்ல வந்து கதவைத் தட்டி, 'வயலெட், சேவலைக் குடு'ன்னு பேர் சொல்லிக் கேக்கட்டும். குடுத்துடறேன்."

மக்லூஃப் வரவில்லை. பெயரைச் சொன்னால் பேசியதாகிவிடுமே! சேவல் அங்கேயே தங்கிவிட்டது.

அந்த விருந்தாளி வயலெட்டைப் படுத்திய பாட்டைச் சொல்லி முடியாது. ரவை உருண்டைக்கு ஊறவைத்திருந்த ரவையைத் தின்றது. மாங்காய்த் தொக்கு ஜாடியைத் தட்டிவிட்டது. ரேடியோ மேல் ஏறி உட்கார்ந்து, செய்தி வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டது. விடியும் முன் கூவியதில் பதினொரு வீட்டிலும் தூக்கம் போனது. வயலெட் அதைத் திட்டினார். திட்டிக்கொண்டே அடியில் பழைய துண்டை விரித்தார், கிண்ணத்தில் தண்ணீர் வைத்தார். காலில் கயிறு இறுக்கியிருந்த இடத்தில் மருந்து தடவினார்.

மருந்து தடவும்போதுதான் சங்கடம் பிடித்தது. நாளை இதன் கழுத்து போகப்போகிறது. திருப்பிக் கொடுத்தால் அது தன் கையாலேயே அனுப்பியது மாதிரி, கொடுக்காவிட்டால் திருட்டு. மறுநாள் காலை தொழுகைக்கூடத்துக்குப் போனார்.

அங்கே மதகுரு ரப்பி ஸியோனுக்கு முப்பத்திரண்டு வயது. தாடி கறுப்பாக, கம்பீரமாக வளர்ந்திருந்தது. ஆனால் வயலெட் உள்ளே வந்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"வாங்க சிஸ்டர். எதுவும்... ஊசி விஷயமா?"

"உக்காரு. சேவல் விஷயம்." நடந்ததைச் சொன்னார். "குடுக்கணுமா, வேண்டாமா? ஒரே வார்த்தைல சொல்லு."

ரப்பி ஒரே வார்த்தையில் எதையும் சொல்லிப் பழக்கமில்லாதவர். "சிஸ்டர், உன் பகைவனோட மாடு வழிதப்பிப் போறதைப் பாத்தா அவன்கிட்ட கொண்டுபோய் விடணும்னு வேதத்துல இருக்கு. சிநேகிதன் மாட்டை யார் வேணா விடுவாங்க. பகைவனோடதுன்னு எதுக்கு எழுதியிருக்கு..."

"அப்ப குடுக்கணும்."

"குடுக்கணும். அதுக்கப்புறம் அது அவர் பொறுப்பு." தாடியைத் தடவிக்கொண்டு மெதுவாகச் சேர்த்தார்: "ஆனா மனுஷனுக்கு மனுஷன் செஞ்ச தப்பு இருக்கே, அதைச் சேவல் சுமக்காது. நோன்பும் சுமக்காது. போய்க் கேட்டாத்தான் தீரும். மக்லூஃபுக்கு இதை யாராவது சொன்னா நல்லது."

"நீ சொல்லேன்."

"அவர் கடையிலதான் நான் கடனுக்கு நல்ல தக்காளி வாங்கறேன், சிஸ்டர்."

"உன் தைரியம் தெரியாதா, மூணாம் வகுப்புலேயே ஊசிக்குப் பயந்து மேசைக்கடியில ஒளிஞ்சவன்தானே நீ" என்று சொல்லிவிட்டு வயலெட் எழுந்தார்.

வீட்டுக்கு வந்தார். சேவலைத் தலையணை உறைக்குள் போட்டு, தலையை மட்டும் வெளியே விட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ஆறு வருடமாக ஏறாத பதினெட்டுப் படியை ஏறினார். ஏழாவது படியில் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. சேவல் கொக்கரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சத்தை ஏறிக் கதவைத் தட்டினார்.

மக்லூஃப் திறந்தார். பின்னால் சமையலறை வாசலில் ஸோஹ்ரா, கையில் கரண்டியோடு.

"பிடிங்க, உங்க பாவம்" என்றார் வயலெட். "ரெண்டு நாள் என்கூடத்தான் இருந்துது. ஒண்ணும் குறையல. ரவை தின்னதுல கொஞ்சம் கூடியிருக்கும்."

மக்லூஃப் சேவலை வாங்கவுமில்லை, வேண்டாமென்று சொல்லவுமில்லை. அவர் முகம் பீட்ரூட் நிறத்துக்கு வந்தது. கண் வயலெட்டைப் பார்க்க மறுத்து, சேவலைப் பார்த்தது. சேவலிடமே சொன்னார்: "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ராத்திரியெல்லாம் யோசிச்சேன். மன்னிச்சுக்க."

"சேவலுக்குக் கோபம் ஒண்ணுமில்ல" என்றார் வயலெட். "நான் இங்க நிக்கறேன்."

"வயலெட்." ஆறு வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயர் அவர் வாயில் துருப்பிடித்த கீல் மாதிரி கிறீச்சிட்டது. "வயலெட், மன்னிச்சுடுங்க."

"பதினொரு வீட்டுக்கு முன்னால சொன்னீங்க. இப்ப காதுல சொன்னா எப்படி?"

மக்லூஃப் மனைவியைப் பார்த்தார். ஸோஹ்ரா கரண்டியால் படிக்கட்டைக் காட்டினார். போனார் மனிதர். சந்தையில் கத்தரிக்காய் கூவி விற்ற தொண்டை, பஞ்சமா?

"எல்லாரும் கேளுங்க! சலீம் இருதய நோயில போனாரு! இந்தம்மாவால ஒண்ணும் போகல! இவங்க நல்லவங்க! நான்தான் கழுதை!"

கதவுகள் திறந்தன. நேரம் முடிந்து மாடிப்படி விளக்கு அணைந்தது. இருட்டுக்குள்ளிருந்து யாரோ, "கடைசியில சொன்னது மட்டும் சரியாக் கேக்கல மக்லூஃப், இன்னொரு தடவ!" என்றார்கள். கட்டடமே சிரித்தது. இந்த முறை வயலெட்டும் உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஜெயித்த முகத்தோடு அவர் திரும்பியபோது ஸோஹ்ரா சிரிக்காமல் நின்றிருந்தார்.

"அவர் கேட்டாச்சு. இப்ப நான் ஒண்ணு கேக்கலாமா அக்கா?"

"கேளேன்."

"நாலு வருஷத்துக்கு முன்னாடி எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் ஆச்சு. தையல் சீழ் பிடிச்சுது. மூணு வாரம் தினம் கட்டுப் பிரிச்சுக் கட்டணும். எங்க வீட்டுத் தரைக்கு அந்தப் பக்கம் ஒரு நர்ஸ் இருக்காங்க. நான் ரெண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் சத்தம் உங்களுக்குக் கேக்கலையா?"

வயலெட் வாயைத் திறந்தார். கேட்கவில்லை என்று சொல்லச் சுலபம்தான். அந்தக் கட்டடத்தில் மேல்வீட்டில் வெங்காயம் நறுக்குவதே கேட்கும்.

"கேட்டுது" என்றார். "ரேடியோவைச் சத்தமா வச்சேன்."

"அவர் சொன்னது ஒரு வார்த்தை. நான் ஒரு வார்த்தையும் சொல்லலையே அக்கா."

வயலெட்டின் கக்கத்திலிருந்து உறை நழுவியது. சேவல் இறங்கி நடந்தது, யாரும் கவனிக்கவில்லை. அருகிலிருந்த முக்காலியில் அவர் உட்கார்ந்துவிட்டார். கூடார முகாமில் எத்தனை முனகலுக்கு எழுந்து போனார் என்று கணக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தவர். சேவலைத் திருப்பிக் கொடுக்க ரப்பிவரை போனவர். வழிதப்பிய மாட்டுக்கு உள்ள சட்டம் வலியில் கிடந்த மனுஷிக்கு இல்லையா?  முப்பத்தோரு வருடப் பழக்கம்தான் வாயில் முதலில் வந்தது.

"தழும்பைக் காட்டு."

"என்னது?"

"காட்டுன்னேன். மக்லூஃப், அந்தப் பக்கம் திரும்புங்க."

ஸோஹ்ரா காட்டினார். வயலெட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து நெடுநேரம் பார்த்தார். "யாருடி தைச்சான் இதை? சாக்குமூட்டை தைக்கிறவனா?" என்றவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் கட்டியிருந்தா ஒரு வாரத்துல ஆறியிருக்கும். தெரிஞ்சுதான் இருந்தேன். மன்னிச்சுக்க, ஸோஹ்ரா."

ஸோஹ்ரா உடையைச் சரிசெய்துகொண்டார். அடுப்பை அணைத்தார். பிறகுதான், "நோன்புக்கு முன்னாடி சாப்பாடு எங்க வீட்லதான். வந்துடுங்க" என்றார்.

மக்லூஃப் மறுபடி சேவலைத் தூக்கித் தலைக்கு மேல் கொண்டுபோனார். பாதி வழியில் நிறுத்தினார். "இதை எப்படி அறுக்கறது? இப்ப இது யாரோட பாவம்னே தெரியலையே" என்று இறக்கிவிட்டார். அதற்குப் பதிலாக நாணயங்களைக் கைக்குட்டையில் முடிந்து தலையைச் சுற்றி ஏழைகளுக்குக் கொடுத்தார். அப்படியும் வழக்கம் உண்டு. சேவல் காய்கறி வண்டியில் ஏறி, ஸோஹ்ராவின் தம்பி பண்ணைக்குப் போய், அங்கே எவருக்கும் அடங்காமல் நாலு வருடம் வாழ்ந்தது.

நோன்புக்கு முந்திய சாப்பாட்டில் மிளகாய் அதிகம் என்று வயலெட் குறை சொன்னார். இரண்டு வாரம் கழிவதற்குள் மாடிப்படி விளக்கு விஷயமாக மக்லூஃபோடு மறுபடி பெரிய சண்டை. நேருக்கு நேர், பெயர் சொல்லி. கீழ்வீட்டுக்காரர்கள், "அப்பாடா, பேசிக்கிறாங்க" என்று நிம்மதியாகக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் யோம் கிப்பூருக்கு முந்திய ஓய்வுநாளில் ரப்பி ஸியோன் இந்தக் கதையைப் பிரசங்கத்தில் சொன்னார், பெயர் சொல்லாமல். "பகைமையெல்லாம் மறந்து, உள்ளம் நிறைந்த மகிழ்ச்சியோடு அந்தப் பெண்மணி படியேறினார்..." என்று அவர் உருகும்போது, பெண்கள் பகுதியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"மகிழ்ச்சியாப் போனேன்னு உனக்கு யாரு சொன்னா? பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போனேன். ஏழாவது படியில திரும்பப் பாத்தேன். அதையும் சேத்துச் சொல்லு ஸியோன். மகிழ்ச்சி வரட்டும்னு காத்திருந்தா இங்க ஒருத்தரும் போகமாட்டாங்க."

ரப்பி தாடியைத் தடவினார். பிறகு சபையைப் பார்த்து, "பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் போனாங்களாம்" என்று திருத்திச் சொன்னார்.