கிராமபோன் கேட்கும் பெண்

நீரஜா மேடம் கலை வரலாற்றுப் பேராசிரியை என்றதும் சோழர் செப்புச்சிலை, பல்லவர் குடைவரை என்று கற்பனை பண்ணிக்கொள்வார்கள். மேடமும் அப்படித்தான் ஆரம்பித்தார். நடராஜரை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கி, எங்கள் கல்லூரியில் சேர்ந்தார். அப்புறம்தான் கொலு பொம்மைக்கு மாறினார். புத்தி பிசகிவிட்டது என்றார்கள் சக பேராசிரியர்கள்.

"நடராஜரைப் பார்க்க உலகமே வரது ஃபாரூக். இதுகளைப் பார்க்கறேன்னு வரவாளும் சுண்டலுக்குத்தான் வரா" என்பார் என்னிடம்.

நான் அதே கல்லூரியில் புகைப்படம் சொல்லித்தருபவன். நவராத்திரி வந்தால் கேமராவோடு மேடம் பின்னால் மயிலாப்பூர், மந்தைவெளி என்று வீடு வீடாக ஏறி இறங்குவேன். சுண்டல் விஷயத்தில் மேடம் சொன்னது என்னைப் பொறுத்தவரை சரிதான்.

பழைய பொம்மைகளில் இப்போதைய எனாமல் பளபளப்பே கிடையாது, பொடிவண்ணத்தைப் பசையில் குழைத்துப் பூசிய மங்கல் நிறம்தான் என்பது மேடத்தின் கட்சி. ஆதாரத்துக்கு எங்கே போவது? நம்மவர்களுக்குப் பொம்மையின் மூக்கு லேசாகத் தேய்ந்தாலே கை பரபரக்கும், எனாமல் டப்பாவைத் திறந்துவிடுவார்கள். மறுபூச்சு காணாத ஒரே ஒரு பொம்மை கிடைக்காமல் மேடத்தின் புத்தகம் பாதியில் நின்றது. வரும் ஏப்ரலில் ஓய்வு வேறு.

போன வருடம் மந்தைவெளி ஜானு மாமி வீட்டில் அது கிடைத்தது. மேல்படியில், தசாவதாரத்துக்குப் பின்னால், கிராமபோன் பக்கம் காதைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் களிமண் பெண். சாயம் மங்கிய மயில்கழுத்துப் புடவை. மேடம் என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. கீழே எடுத்து வெளிச்சத்தில் பார்க்கலாமா என்று கேட்டதற்கு மாமி பதறிவிட்டார்.

"படியில வச்சாச்சுன்னா விஜயதசமி முடியற வரைக்கும் நகர்த்தப்படாதும்மா!"

விஜயதசமி முடிந்த கையோடு, நாங்கள் போய்ச் சேருவதற்குள், பொம்மைகள் பழைய வேட்டிக்குள் சுருண்டு பரணேறிவிட்டன. அடுத்த வருடம் படியில் வைப்பதற்கு முன்பே கூப்பிடுவதாகச் சமாதானம் சொன்னார் மாமி.

சொன்னபடி இந்த வருடம் கூப்பிட்டார். மேடத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. "அருங்காட்சியகத்துலேர்ந்து நிபுணர் வரார் மாமி, உங்காத்து பொம்மையைப் பார்க்கறதுக்குன்னே!" என்று போனிலேயே சொல்லிவிட்டார். நிபுணர் வருவதற்கு முந்தின நாள் நாங்கள் இருவரும் போனோம்.

கூடமெல்லாம் எனாமல் வாசனை. தாம்பாளத்தில் கிராமபோன் பெண் பளபளவென்று உட்கார்ந்திருந்தாள். தக்காளிச் சிவப்பில் புடவை, தங்க ஜரிகை, கண்ணுக்குப் புது மை.

"பெரிய மனுஷாள்லாம் பார்க்க வரா, அழுக்கும் புழுதியுமா காட்டினா நன்னாருக்குமா?" என்றார் மாமி. "எங்க மதுவந்திதான், ஆபீசுக்கு லீவு போட்டுட்டு, பழசையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேச்சு எடுத்துட்டு, புதுசா பெயிண்ட் அடிச்சா."

மருமகள் மதுவந்தி பின்னால் நின்றிருந்தாள். விரல் நுனியில் சிவப்பு இன்னும் போகவில்லை.

மேடம் பொம்மையை இரண்டு கையாலும் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். அடிப்பாகத்தைப் பார்த்தார். அங்கேயும் சிவப்பு. அவர் கண் நிரம்பிவிட்டது.

ஜானு மாமிக்குப் பெருமை தாங்கவில்லை. "பார்த்தியாடி மதுவந்தி! ப்ரொஃபசர் கண்ணுலயே ஜலம் வந்துடுத்து!"

மேடம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மதுவந்தியைப் பார்த்துச் சிரித்தார்.

"சாயங்காலம் இவளுக்குச் சுத்திப் போட்டுடுங்கோ மாமி. என் கண்ணே பட்டுடும்."