பொரிப் பொட்டலத்தோடு வாங்கிய கையெழுத்து

ஒரு கம்பெனி யாருக்குச் சொந்தம் என்பதைப் பங்கு வாங்குகிறவர்கள் முடிவு செய்வதாக நினைக்கிறோம். எங்கள் கம்பெனியில் அதை மேலாளர்களாகிய நாங்கள்தான் முடிவு செய்தோம், அதுவும் மிக அற்பமான முறையில்.

நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, சுரங்கக் கன்வேயர் பெல்ட்டுகளுக்கு உருளை செய்த சின்னப் பட்டறை அது. நான் நிர்வாக மேலாளர். பட்டறையைத் தொடங்கியவர் சாகுமுன் தொழிலாளர்களுக்குக் கணிசமான பங்குகளை எழுதிவைத்திருந்தார். அவர்கள் சம்மதிக்காமல் பட்டறையை வேறு ஊருக்கு மாற்ற முடியாது. அவருக்குப் பின் வந்த டைரக்டருக்கு அது உறுத்தியது. கேள்வி கேட்கிற பங்குதாரர்கள் எதற்கு? தலையாட்டத்தான் அவருக்கு மைத்துனர்கள் இருந்தார்களே.

ஆயுத பூஜையன்று பொரி கொடுக்கும்போதே பங்கு மாற்றும் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிடலாம் என்ற யோசனை என்னுடையது. சந்தனம் பூசிய மெஷின் முன்னால் யாரும் தகராறு செய்ய மாட்டார்கள். அவர்களுடைய லீவு, லோன், ரேஷன் படிவங்களை எல்லாம் பல வருடங்களாக நான்தான் நிரப்பிக்கொடுத்தேன். அந்த நம்பிக்கையைத்தான் விற்றேன். டைரக்டர் முதுகில் தட்டினார். நான் நாய்போல் குழைந்தேன்.

லேத் ஓட்டியவர் மட்டும் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்துக் கிராமத்துக்காரர், பட்டறை போனால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை.

"என்னாங்க சார், பொரிக்குக் கூடவா கையெழுத்து?"

பின்னால் நின்ற வெல்டர் கத்தினார்: "யோவ் வக்கீலு! சார் படிக்காமயா குடுப்பாரு? போட்டுட்டு நவுரு, கடல தீந்துடப் போவுது."

எல்லோரும் சிரித்தார்கள்.

"பட்டற இங்கயேதான சார் இருக்கும்?"

"வேற எங்கப்பா போகும்?" என்றேன்.

போட்டார். பங்குகள் மைத்துனர்கள் பெயருக்குப் போயின. அவற்றுக்கு நாங்களே வைத்த விலை தீபாவளிக்கு முன் அவர்கள் வங்கிக் கணக்கில் விழுந்தபோது, போனஸ் என்று நினைத்து எனக்கு நன்றி சொன்னார்கள். அடுத்த வருடம் பட்டறை ஓசூருக்குப் போனது. எனக்குக் கார் கிடைத்தது.

சென்ற மாதம், கார் ரிப்பேரில் இருந்த ஒரு நாள், பண்ருட்டி பஸ்ஸில் அந்த லேத்காரரைப் பார்த்தேன். காண்ட்ராக்ட் துப்புரவுச் சீருடை. "வாங்க சார், உக்காருங்க" என்று நகர்ந்து இடம் கொடுத்தார். மடியில் ஒரு வங்கிப் படிவம் இருந்தது. நிரப்பித் தரலாம் என்று பேனாவை எடுத்தேன்.

"உங்களுக்கு எதுக்குங்க சார் செரமம்" என்றவர், முன்சீட்டில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணின் தோளுக்கு மேலே படிவத்தை நீட்டினார்.

"அம்மா, இதுல என்னா எழுதியிருக்குதுன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லு."