பதினொன்றாம் நம்பர் சோடியம்

நேற்று ஆவடியில் ஒரு கிளினிக். டோக்கன் கூப்பிடுகிற பெண், "பதினொண்ணு... பதினொண்ணு யாருங்க?" என்று கத்துகிறாள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. என் வாய் சும்மா இருக்குமா? "சோடியம்!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். பக்கத்து நாற்காலிக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்.

நான் போனதே ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு என்றுதான். இரும்பு, எனக்கு! அந்த லேப் ரிப்போர்ட்டின் கொழுப்பைப் பாருங்கள்.

விவரமாகச் சொல்கிறேன். தொழிற்சாலை குவார்ட்டர்ஸ் பள்ளியில், பத்தாம் வகுப்பில், நாங்கள் 'உள்ளேன் அம்மா' சொன்னதே கிடையாது. அணு எண்கள் மனப்பாடம் ஆகட்டும் என்று வகுப்புத் தலைவி நூர்ஜஹான் ஒரு வழக்கத்தைக் கிளப்பிவிட்டிருந்தாள். அவள் வருகைப்பதிவு எண்ணைக் கூப்பிட்டால், அத்தனை புரோட்டான் உள்ள தனிமத்தின் பெயரைச் சொல்லி எழ வேண்டும். பதினொன்று டெய்சி, சோடியம். இருபத்தாறு நான், இரும்பு. அப்பாவுக்கு டாங்கி தொழிற்சாலையில் இரும்புத் தகடு வெட்டும் வேலை. எனக்குப் பெருமை தாங்காது.

அரையாண்டு முடிந்ததும் டெய்சியின் அப்பாவுக்கு மாற்றல் வந்தது. ஆபீஸில் அவள் பெயரை அடித்துவிட்டு, பின்னால் இருந்த எங்களையெல்லாம் ஒரு எண் கீழே இறக்கிவிட்டார்கள். நான் இருபத்தைந்தாம், மாங்கனீசாம்! கூப்பிட்டும் நான் வாயே திறக்கவில்லை. மூன்று நாள் ஆப்சென்ட் விழுந்தது. இப்படியே போனால் ஹால் டிக்கெட் கிடையாது என்றார் மிஸ்.

"இன்னாடி உன் பிரச்சனை?" என்றாள் நூர்ஜஹான்.

"ஒரு புரோட்டான் போனா இரும்பு இரும்பாவே இருக்காதுடி. நான் இன்னாத்த தொலைச்சேன்? போனது டெய்சி. அவ எடம் அப்டியே கெடக்கட்டும்."

அப்போது அழுதுவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் மிஸ் முன்னாலேயே நூர்ஜஹான் பழைய எண்களைக் கூப்பிட ஆரம்பித்தாள். பத்து முடிந்தது. "பதினொண்ணு." அப்புறம் மொத்த வகுப்பும் எழுந்து, "சோடியம்!" மிஸ் எங்களை ஒரு பார்வை பார்த்தார். பதிவேட்டில் பெயர்களுக்குப் பக்கத்தில் பழைய எண்களைப் பென்சிலால் எழுதிக்கொண்டார். கடைசி நாள்வரை நான் இரும்புதான். இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிமிர்கிறது, போங்கள்.

அந்தப் பள்ளியை மூடிவிட்டார்கள். குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் முள்செடி. டெய்சியைத் தேடாத இடமில்லை, கிடைக்கவில்லை. பரீட்சை வரைக்கும் தினமும் காலையில் நாற்பத்திரண்டு பேர் எழுந்து நின்று அவளுக்காகப் பதில் சொன்னோம். அது அவளுக்குத் தெரியவே தெரியாது.