பாய் அழுதாரா?

சினிமா தியேட்டரில் வேலை பார்ப்பவனுக்குச் சினிமா பார்க்க வாய்ப்பதில்லை என்றால் வெளியில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். தியேட்டர்காரர்கள் பெருமூச்சு விடுவார்கள்.

நான் பெங்களூரில் படித்து, அங்கேயே வேலையும் பார்த்து, தமிழ், கன்னடம் இரண்டிலும் வந்த படம் ஒன்று விடாமல் பார்த்தவன். கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது, நாற்பத்தேழு வயதில் பாலக்கோட்டுக்குத் திரும்பி, ஒரு தியேட்டரில் டிக்கெட் கொடுக்க உட்கார்ந்தேன். டிக்கெட் கொடுத்துக் கணக்கு முடித்து எழுந்திருப்பதற்குள் இடைவேளை மணி அடித்துவிடும். அதனால் எனக்குத் தெரிந்த புதுப் படங்கள் எதற்கும் முதல் பாதி கிடையாது. இப்படி வாசலிலேயே உட்கார்ந்து வயிறெரிகிறவர்கள் உங்களிலும் இருப்பார்கள். அவர்களை நம்பித்தான் எழுதுகிறேன்.

தக்காளிக்காரர்

மார்க்கெட்டில் தக்காளியை இறக்கிவிட்டு நேரே மேட்னிக்கு வந்த ஒருவர், டிக்கெட் கவுண்டர் கம்பிக்குள் கையை விட்டபடி, “படம் எப்படிங்கண்ணா?” என்றார். யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்துக்கிடந்தவன் நான். கதை கொஞ்சம் இழுவை, வசனம் பரவாயில்லை, ஆனால் பிற்பாதியில் அந்த மழைக் காட்சியை எடுத்த விதம் இருக்கிறதே என்று ஆரம்பித்தேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். அவர் மட்டும் மரியாதையாகக் கடைசிவரை கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: “அதெல்லாம் சரிங்கண்ணா, பாய் அழுதாரா இல்லையா?”

வெள்ளிக்கிழமை டீ

பாய் என்றால் அத்தர், வளையல் கடை வைத்திருக்கும் கரீம் பாய். புதுப் படம் முதலில் சேலத்தில் ஓடும். அங்கே ஓய்ந்த பிறகுதான் எங்களுக்கு வரும். அதற்குள் யாராவது போய்ப் பார்த்து, எடுக்கலாமா வேண்டாமா என்று எங்கள் முதலாளி மாதப்பனுக்குச் சொல்லவேண்டும். அந்த வேலை பாயிடம் இருந்தது. என்ன தகுதி என்கிறீர்கள்? வியாழக்கிழமைதோறும் சரக்கு எடுக்க அவர் எப்படியும் சேலம் போகிறார். அவ்வளவுதான். இரண்டு மொழியில் சினிமாவைக் கரைத்துக் குடித்தவன் கம்பிக்குப் பின்னால்; அவர் சேலத்தில் பால்கனியில்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, அத்தர் மணக்க வந்து முதலாளிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருவார். டீ வரும்வரை வாயைத் திறக்கமாட்டார். ஒரு வாய் குடித்துவிட்டு, “ரெண்டு எடத்துல அழுதுட்டேன் முதலாளி” என்பார். உடனே அட்வான்ஸ் கட்ட ஆள் கிளம்பும். படமும் ஓடித் தொலைக்கும். அந்த டீயைப் பார்த்தாலே எனக்கு நெஞ்சு கரிக்கும். ஒருநாள் பொறுக்காமல், “ஏன் பாய், அதுல காமிரா எப்படி?” என்று மடக்கினேன். பாய் நிஜமாகவே யோசித்தார். “காமிராவைக் கவனிக்கலீங்க பெங்களூர்காரரே, படந்தான் பாத்தேன்.”

என் முறை

பாயின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. அவர் ஊரைவிட்டு நகர முடியாத அந்த நாட்களில் முதலாளி என்னை அனுப்பினார். சேலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனபோது நான் மாப்பிள்ளை மாதிரி இருந்தேன். ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, அருமை, கட்டாயம் எடுங்கள் என்றேன். எடுத்தார். பெஞ்சு, சேர் எல்லாம் காலி. அடுத்த வாரம் ஒரு படம். பாம்பு பழிவாங்குகிறது, அதற்கு நடுவில் நாலு சண்டை. குப்பை என்றேன். விட்டுவிட்டார். காரிமங்கலத்தில் ஒருவர் எடுத்தார். பாலக்கோட்டு ஜனங்கள் பிள்ளைகுட்டியோடு பஸ் ஏறிப் போய்ப் பாம்பைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

முதலாளிக்கு என்னைவிட வயது குறைவு, திட்டவும் கூச்சம். வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: “அண்ணா, உங்களுக்குப் புடிச்சா என் கொட்டாயில ஈ ஓட்டணும், புடிக்கலைன்னா காரிமங்கலத்துக்காரன் மாடி வூடு கட்டுறான்.”

எறும்பு

முதலாளி அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மனுஷன் அதிலேயே ஒரு வழி கண்டுபிடித்தார். இனி இரண்டு பேரும் சேலம் போகவேண்டும். பாய் அழுது, நான் முகம் சுளித்தால் அந்தப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். நான் நல்லாயிருக்கிறது என்று சொல்லிவிட்டால் பாய் எத்தனை அழுதிருந்தாலும் யோசிப்பார். கணக்கு பிசகவேயில்லை. ஊரில் பெயர் மட்டும் பாய்க்கு.

வீட்டுக்காரியிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம் என்று, “என்ன இருந்தாலும் என்னையும் பார்த்துத்தானே படம் எடுக்கிறார்” என்றேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். “எறும்பு முட்டையத் தூக்கிக்கிட்டு ஓடுனா மழை வரும்னு நாமளும் பாக்கறோம். அதுக்காக எறும்பைக் கூப்புட்டு டீயா குடுக்கறோம்?”

கண்டக்டர்

ஒரு வியாழக்கிழமை பாய்க்குக் காய்ச்சல். தனியாகப் போனேன். அந்தப் படத்தில் சண்டை இல்லை, பாட்டு இல்லை. ஒரு பஸ் கண்டக்டர், அவனோடு பேச்சை நிறுத்திவிட்ட மனைவி. ஒருநாள் அவள் பெட்டியோடு அவன் பஸ்ஸிலேயே ஏறுகிறாள். “எங்க போகணும்?” என்று எல்லோரையும் கேட்பதுபோல் கேட்கிறான். அம்மா ஊர்ப் பெயரைச் சொல்கிறாள். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கிறான். கொடுத்த கை அங்கேயே கொஞ்சநேரம் நிற்கிறது. தினமும் கம்பி வழியாக டிக்கெட் நீட்டுகிற எனக்கு அந்தக் கையைத் தாங்க முடியவில்லை. வெளியே வந்து கடையில் ஒரு சோடா வாங்கி முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

திரும்பும் வழியெல்லாம் ஒரே யோசனை. இதை எங்கள் ஜனங்கள் பார்க்கவேண்டும். நானும் இன்னொரு தரம் பார்க்கவேண்டும். நல்ல படம் என்று சொன்னால் வராது. வேறு வழி? முதலாளி முன்னால் நின்று, மொக்கைப் படம், கண்டக்டராக நடித்தவனுக்கு நடிக்கவே தெரியவில்லை, தூங்கிவிட்டேன் என்று வாய்கூசாமல் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. “அவ்வளவு மோசமா? அப்ப இன்னிக்கே அட்வான்ஸ் கட்டிடலாங்ணா!”

படம் வந்தது

மூன்று நாள்கூட முழுசாக ஓடவில்லை. இடைவேளையிலேயே சைக்கிள்களை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். கடைசி நாள் மாலைக் காட்சிக்குப் பாய் வந்தார், காய்ச்சல் தெளிந்த முகத்தோடு. படம் விட்டதும் வீட்டுக்குப் போகாமல் வாசலில் நின்றுகொண்டு, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் பிடித்து, “இதுதான்யா படம், அந்தக் கையப் பாத்தியா நீ?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லவேண்டியதை, நான் நிற்கவேண்டிய இடத்தில் நின்று, அவர் சொன்னார். பிறகு கம்பி அருகில் வந்தார். “இதையா மொக்கைன்னு சொன்னீங்க? மனசுன்னு ஒன்னு உங்களுக்கு வெக்கவே இல்லீங்களா பெங்களூர்காரரே?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் முதலாளி வந்து என் தோளில் கையைப் போட்டார். நஷ்டப்பட்டவர் முகம் மாதிரியே இல்லை. “அண்ணா, மொத தடவையா நீங்க சொன்னது பலிச்சிருச்சு, மோசம்னீங்க, மோசமாவே போச்சு. இனி சேலத்துக்கு நீங்களே போங்க, பாயிக்கு வயசாவுது.”

ஆசைப்பட்ட வேலை எனக்கே கிடைத்துவிட்டது. ஆனாலும் பிடித்த படத்தைப் பிடித்தது என்று நாலு பேர் முன்னால் உரக்கச் சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்களைக் கண்டால் இன்னும் வயிறு எரியத்தான் செய்கிறது.